பலகாரச் செலவில் தண்ணீரின் கணக்கு

தீபாவளியை ஒட்டிய வாரங்களில் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் மளிகைப் பட்டியலை எண்ணெயும் சர்க்கரையும் நெய்யும் பருப்பு வகைகளுமே பெரிதும் நிரப்புகின்றன. அடுப்பெரிக்கும் எரிவாயுவின் செலவு தனி. இவ்வளவையும் ஒரே மாதத்தில் தாங்க இயலாது என்பதால்தான், மாதந்தோறும் சிறு தொகை கட்டிப் பண்டிகைக்குச் சில நாள் முன்பு எண்ணெய், பருப்பு, வெல்லம், மாவு முதலியவற்றைப் பொருளாகவே பெற்றுக்கொள்ளும் பலகாரச் சீட்டு பல ஊர்களில் இன்றும் பெண்களிடையே நடந்து வருகிறது. சிக்கனம் என்றால் அளவைக் குறைப்பது, அல்லது மலிவான சரக்கை வாங்குவது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் வாணலிக்குள் நடப்பதை வெப்பவியலைக் கொண்டு ஆராய்ந்தால், எந்த மளிகைப் பட்டியலிலும் இடம்பெறாத ஒரு பொருளே மற்றவற்றின் செலவைப் பெருமளவு தீர்மானிப்பது தெரியவரும். அப்பொருள் தண்ணீர். மாவில் அது எவ்வளவு சேர்கிறது, எண்ணெயிலும் பாகிலும் எப்படி வெளியேறுகிறது, டப்பாவுக்குள் காற்றோடு எப்படித் திரும்பி வருகிறது என்பவற்றை அறிந்தவர்களுக்கு ஒரு லிட்டர் எண்ணெயும் ஒரு சிலிண்டரும் மற்றவர்களைவிடக் கூடுதல் நாள் வருகின்றன.

முறுக்கு பிழியும்போது எண்ணெய் பொதுவாக 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை காய்ந்திருக்கும். பிழிந்த மாவு எண்ணெயைத் தொட்டவுடன் அதன் மேற்பரப்பிலுள்ள நீர் கொதித்து ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் விரிவதால், மாவின் நுண்துளைகள் வழியே ஆவி வேகமாக வெளியே பாய, அந்தப் பாய்ச்சலை மீறி எண்ணெய் உள்ளே நுழைய முடிவதில்லை. வாணலியில் எழும் நுரையும் சலசலப்பும் எண்ணெய் கொதிப்பதால் உண்டாவன அல்ல. அந்த வெப்பநிலையில் எண்ணெய் கொதிப்பதே இல்லை, அவை யாவும் நீராவிக் குமிழிகளே. மாவுக்குள் நீர் எஞ்சியிருக்கும்வரை, வந்து சேரும் வெப்பத்தை ஆவியாதலே விழுங்கிவிடுவதால், உட்பகுதி 100 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. மேற்பரப்பு வறண்ட பின்னரே அங்கு வெப்பநிலை உயர்ந்து, புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வினைபுரிந்து பொன்னிறத்தையும் வறுத்த மணத்தையும் தருகின்றன. பிரெஞ்சு அறிவியலாளர் லூயி கமில் மெயிலார்டு 1912-இல் விவரித்தமையால் இது மெயிலார்டு வினை எனப்படுகிறது. பொரிப்பதில் கைதேர்ந்தவர்கள் நிறத்தைக் காட்டிலும் சத்தத்தை நம்புவதன் காரணமும் இதுவே. சலசலப்பு அடங்கிவிட்டது என்றால் விரட்டப்பட வேண்டிய நீர் ஏறக்குறைய விரட்டப்பட்டுவிட்டது என்று பொருள். அதற்குப் பின்னும் எண்ணெயில் விட்டுவைக்கும் ஒவ்வொரு நிமிடமும் நிறத்தைக் கருக்குவதோடு எரிவாயுவையும் வீணாக்குகிறது.

நீரை விரட்டுவதற்கு ஆகும் விலை என்ன என்பதை ஒரு கணக்கால் காணலாம். ஒரு கிலோ நீரை, அது கொதிநிலையை அடைந்த பிறகு முழுவதும் ஆவியாக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 2,260 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். வெப்பநிலையை உயர்த்தாமல் நிலைமாற்றத்துக்கு மட்டுமே செலவாகும் இந்த வெப்பம் உள்ளுறை வெப்பம் எனப்படும். எண்ணெயோ ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க 2 கிலோ ஜூலை ஒட்டிய வெப்பத்தையே கேட்கிறது, அதாவது நீர் கேட்பதில் பாதி. எனவே 850 மில்லி லிட்டர் எண்ணெயை 30 டிகிரியிலிருந்து 175 டிகிரிக்குக் காய்ச்ச ஏறக்குறைய 240 கிலோ ஜூல் போதும். மாவில் தேவைக்கு மேல் ஊற்றிய வெறும் 100 மில்லி லிட்டர் நீரைச் சூடாக்கி ஆவியாக்க 255 கிலோ ஜூல் வேண்டும். வாணலி எண்ணெய் முழுவதையும் காய்ச்சும் செலவைவிட அரை டம்ளர் தண்ணீரை விரட்டும் செலவு கூடுதல் என்பது பலருக்கு வியப்பாகவே இருக்கும். வீட்டு அடுப்பின் பர்னர் ஒன்று பாத்திரத்துக்குள் செலுத்தும் வெப்பத்தை நொடிக்கு ஒரு கிலோ ஜூல் என்று கொண்டால், ஒரு கிலோ மாவைப் பிசைய ஊற்றிய 600 மில்லி லிட்டர் நீரை வெளியேற்ற 25 நிமிடத் தீயும், கைதவறி ஊற்றிய ஒவ்வொரு 100 மில்லி லிட்டருக்கும் கூடுதலாக நான்கு நிமிடத்துக்கு மேற்பட்ட தீயும் செலவாகும். எரிவாயு மட்டும் அன்று, நீர் வெளியேறிய இடமெல்லாம் வெற்றுத் துளைகளாகி, பின்னர் எண்ணெய் குடிபுகும் இடங்களாகின்றன என்பதால், இளகப் பிசைந்த மாவு எண்ணெயையும் அதிகம் குடிக்கிறது.

மாவு எவ்வளவு நீர் கேட்கும் என்பது மாவு மில்லிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. உலர்ந்த அரிசியை அப்படியே அரைக்கும்போது உராய்வும் சூடும் சேர்ந்து மாவுச்சத்து மணிகள் பலவற்றைச் சிதைக்கின்றன. சிதைந்த மணிகள் முழு மணிகளைவிடக் கூடுதல் நீரை உறிஞ்சும். அரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்தி, கையில் ஒட்டாத ஈரப்பதத்தில் அரைத்தால் அரிசி மென்மையாகி எளிதில் உடைவதால் மணிகள் அவ்வளவாகச் சிதைவதில்லை. அதிரசத்துக்கும் சீடைக்கும் ஈர மாவே வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் அடம்பிடிப்பதை வெறும் பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. அரைத்து வந்த சூடான மாவைப் பையிலேயே மூடி வைக்காமல் தாளில் பரப்பி ஆறவிடுவதும், சலிப்பதும் இதே வரிசையைச் சேர்ந்த சிறு வேலைகள்.

மாவில் சேரும் வெண்ணெய் அல்லது காய்ச்சிய எண்ணெயின் பணியும் நீரோடு தொடர்புடையதே. கொழுப்பு மாவு மணிகளின் மேல் மெல்லிய உறையாகப் படிந்து நீர் புகுவதைக் குறைப்பதால், பொரிந்த பின் முறுக்கு கடினமாக இராமல் நொறுங்குகிறது. ஆனால் அளவு மீறினால் மணிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வழியின்றி மாவு எண்ணெயிலேயே பிரிந்து கரைந்துவிடும். அந்தப் பிடிப்பைத் தருவது உளுந்து. அதில் உள்ள பிசுபிசுப்பான கூட்டுச் சர்க்கரைப் பொருள் அரிசி மாவை ஒட்டவைக்கிறது. உளுந்து விலையேறிய ஆண்டுகளில் அதன் இடத்தில் பொட்டுக்கடலை மாவைச் சேர்ப்பது ஊரறிந்த உத்தி. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது என்பதால் உளுந்தை வறுக்கும் எரிபொருளும் நேரமும் மிஞ்சுகின்றன. இம்மாற்றத்தால் முறுக்கு சற்று மென்மையாகும், உளுந்தின் தனி மணம் குறையும், வேறு குறை சொல்வதற்கில்லை. சீடை வெடிப்பதற்கும் நீரே காரணம். உருண்டையின் மேற்பரப்பு வழவழப்பாக மூடிக்கொண்டால் உள்ளிருக்கும் ஆவி வழி கிடைக்காமல் அழுத்தம் ஏறி உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. அதனால்தான் மாவை அழுத்தி உருட்டாமல் லேசாக உருட்டுவதும், ஊசியால் துளையிடுவதும், உளுந்துக் குறுணை தங்காமல் சலிப்பதும் வழக்கத்தில் உள்ளன.

பொரிக்கும்போது எண்ணெய் உள்ளே செல்வதில்லை என்றால், நன்கு பொரிந்த முறுக்கின் எடையில் கால் பங்கோ அதற்கு மேலோ எண்ணெயாக இருப்பது எப்படி? பொரித்த உணவுகளை ஆய்ந்தவர்கள் கண்ட விடை, எண்ணெயின் பெரும்பகுதி பலகாரம் வாணலியை விட்டு வெளியே வந்த பிறகே உள்ளே செல்கிறது என்பதாகும். எடுத்தவுடன் பலகாரத்தின் மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் ஒன்று ஒட்டியிருக்கிறது. பலகாரம் ஆறத் தொடங்கியதும் துளைகளுக்குள் இருந்த நீராவி குளிர்ந்து நீராகச் சுருங்கி, அங்கு அழுத்தம் குறைய, வெளியே நிற்கும் எண்ணெய் உறிஞ்சப்படுகிறது. ஆக, எண்ணெய்ச் சிக்கனத்தின் தீர்மானமான கணம் எடுத்த பிறகு வரும் முதல் ஒன்றிரண்டு நிமிடங்களே. ஜல்லிக் கரண்டியில் எடுத்த முறுக்கை வாணலிக்கு மேலேயே, ஆவி எழும் சூட்டில், சில நொடிகள் சாய்த்துப் பிடித்துக் குலுக்கினால் படலம் வாணலிக்கே திரும்புகிறது. சூடான எண்ணெய்க்குப் பிசுபிசுப்பு குறைவு என்பதால் அது எளிதில் வழியும். எடுத்த ஈட்டை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டில் குவித்தால், அடியில் தேங்கும் எண்ணெயையும் சேர்த்து அடுக்கின் கீழ்முறுக்குகள் குடித்துவிடுகின்றன.

இந்த அறிவியலை எந்தச் சொல்லும் இன்றிச் செய்துகாட்டுவது அதிரசம். எண்ணெயிலிருந்து எடுத்த அதிரசத்தை ஒரு தட்டைக் கரண்டியின் மேல் வைத்து இன்னொரு கரண்டியால் அழுத்தும்போது, மென்மையான, கடற்பஞ்சு போன்ற அதன் உடலிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக அன்றி ஒழுக்காகவே வாணலிக்குள் இறங்குவதைக் காணலாம். அழுத்தம் கொடுக்கும் நேரமே இதில் முக்கியம். உள்ளிருக்கும் ஆவி சுருங்குவதற்குள் பிழிந்தால் எண்ணெய் வெளியேறும், தட்டில் போட்டு ஆறவிட்டுப் பிறகு அழுத்தினால் அதிரசம் தட்டையாகுமே ஒழிய எண்ணெய் அவ்வளவாக வராது. கடைகளில் இதற்கென அழுத்து கட்டை வைத்திருப்பார்கள். வீட்டில் இரண்டு தோசைக் கரண்டிகளே போதும்.

வடிவத்துக்கும் இதில் பங்குண்டு. மேற்பரப்பில் ஒட்டிய எண்ணெயே உள்ளே போகிறது என்பதால், ஒரே எடைக்கு மேற்பரப்பு எவ்வளவு அதிகமோ எண்ணெய்ச் செலவும் அவ்வளவு அதிகம். நீண்ட உருளை வடிவில் விட்டம் பாதியானால், எடைக்குரிய மேற்பரப்பு இருமடங்காகும்; எனவே 3 மில்லிமீட்டர் அச்சில் பிழிந்தது 6 மில்லிமீட்டர் அச்சில் பிழிந்ததைவிட எண்ணெய் அதிகம் கொள்ள வாய்ப்புள்ளது. ஓமப்பொடியும் ரிப்பன் பக்கோடாவும் முள்ளு முறுக்கும் கையில் எண்ணெய் படிய வைப்பதும், தேன்குழலும் தட்டையும் அந்த அளவுக்குப் படிய வைக்காததும் இதனால்தான். கை இறுகிய ஆண்டில் மிக்சரின் அளவை ஓமப்பொடியால் கூட்டாமல், வெறும் வாணலியில் வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, அரிசிப்பொரி ஆகியவற்றால் கூட்டினால் சுவையும் குறையாது. பொரித்த கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட பூண்டும் இருந்தால் பொரி அதிகம் என்று யாரும் குறைகூறுவதில்லை.

பாத்திரத்தின் வடிவத்தை வீட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. மேலே 20 சென்டிமீட்டர் விட்டமும் நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட எண்ணெய்ப் பரப்பு வேண்டுமென்றால், தட்டையான அடி உள்ள பாத்திரத்துக்கு ஏறக்குறைய 1,570 மில்லி லிட்டர் எண்ணெய் வேண்டும். குழிந்த அடி உள்ள இரும்பு வாணலிக்கு 850 மில்லி லிட்டரே போதும். முறுக்கு மிதந்து வேகும் பண்டமாதலால் ஓரத்தின் ஆழக் குறைவு ஒரு தடையாவதில்லை. ஆனால் எண்ணெய் குறையும்போது ஈட்டின் அளவும் குறைய வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. 200 கிராம் மாவை ஒரே ஈடாகப் பிழிந்தால் அதிலுள்ள 75 மில்லி லிட்டர் நீரை வெளியேற்ற 190 கிலோ ஜூல் வேண்டும். 850 மில்லி லிட்டர் எண்ணெய் 175 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் குளிர்ந்தாலும் 120 கிலோ ஜூலே தேறும். மீதம் தீயிலிருந்துதான் வர வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அவசரத்தில் வாணலியை நிரப்புகிறவர்கள், வெப்பம் சரிந்த எண்ணெயில் மாவை நீண்ட நேரம் ஊறவைத்துவிட்டு, எண்ணெய் குடித்ததற்கு மாவைப் பழிக்கிறார்கள்.

எந்த எண்ணெய் என்ற கேள்விக்கு விளம்பரங்கள் தரும் விடையும் வேதியியல் தரும் விடையும் ஒன்றல்ல. எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் ஆக்சிஜன் எளிதில் தாக்குகிறது. இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உள்ள லினோலெயிக் அமிலம், ஒன்றே உள்ள ஒலெயிக் அமிலத்தைவிடப் பல மடங்கு விரைவாகக் கெடும். வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம். பாமாயிலில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே, நிறைவுற்ற கொழுப்போ பாதியை ஒட்டியது. தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. அன்றாடச் சமையலுக்கு முழுவதும் அதையே நம்புவது நிறைவுற்ற கொழுப்பை மிகுவிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆண்டில் ஓரிரு முறை மணிக்கணக்காகக் காயும் பண்டிகை வாணலிக்கு, வெப்பத்தைத் தாங்கும் திறனால் அது தகுதியான எண்ணெயே. நல்லெண்ணெயில் லினோலெயிக் அமிலம் கணிசமாக இருந்தும் அது எளிதில் கெடாமைக்கு, எள்ளுக்கே உரிய ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள்கள் காரணம்; பொரிக்கும் எண்ணெயில் சிறிதளவு நல்லெண்ணெய் கலக்கும் வழக்கம் மணத்துக்காக மட்டும் ஏற்பட்டதன்று போலும்.

ஒரே எண்ணெயைப் பல ஈடுகளுக்குப் பயன்படுத்தும்போது, மாவிலிருந்து வரும் நீராவி எண்ணெயை ஓரளவு நீராற்பகுத்து அதிலிருந்து கொழுப்பு அமிலங்களைப் பிரிக்கிறது. காற்றும் வெப்பமும் வேறு பல சிதைவுகளை உண்டாக்குகின்றன. இவற்றால் சேரும் பொருள்கள் முனைவுச் சேர்மங்கள் என்று ஒட்டுமொத்தமாக அளக்கப்படுகின்றன. இவை 25 சதவீதத்தை மீறிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. வீட்டில் அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் அடையாளங்கள் உண்டு: நுரை அடங்காமல் மேலெழுதல், எண்ணெய் கெட்டியாதல், முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைதல். கெட்ட எண்ணெய் பலகாரத்தின் மேற்பரப்பில் எளிதில் படர்ந்து ஒட்டுவதால் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், பழைய எண்ணெயைத் தீர்த்துக்கட்டும் சிக்கனம் சிக்கனமே அன்று. ஈடுகளின் வரிசையை மாற்றுவது இதைவிடப் பயன்தரும். வெள்ளை மாவில் செய்யும் தேன்குழல் முதலில், கடலைமாவும் மிளகாய்த்தூளும் சேர்ந்தவை அடுத்து, வெல்லம் கசிந்து அடியில் கருகும் அதிரசம் கடைசியில் என்று வைத்துக்கொண்டால், நடுவில் ஒருமுறை வடிகட்டிய அதே எண்ணெய் நாள் முழுவதற்கும் ஈடுகொடுக்கும்.

இனிப்பு வகைகளில் நீர்க்கணக்கு இன்னும் நுட்பமானது. சர்க்கரைக் கரைசலில் நீர் குறையக் குறையக் கொதிநிலை ஏறுகிறது. சர்க்கரை ஏறக்குறைய 80 சதவீதமாகும்போது 110 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் பாகு விரல்களுக்கிடையே கம்பியாக இழுபடுகிறது, 85 சதவீதத்தில் 115 டிகிரியை ஒட்டி, தண்ணீரில் விட்டால் உருளும் பதத்தை அடைகிறது. ஒரு கிலோ சர்க்கரையை அரை லிட்டர் நீரில் கரைத்தால், கம்பிப் பதத்துக்குள் 250 மில்லி லிட்டர் நீர் வெளியேற வேண்டும். அதிலிருந்து உருட்டுப் பதத்துக்கோ இன்னும் 75 மில்லி லிட்டர் வெளியேறினால் போதும். முதற்பகுதி பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள, இரண்டாம் பகுதி மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. நெடுநேரம் ஒன்றும் நடவாதது போலிருந்த பாகு, முந்திரி எடுக்கத் திரும்பிய இடைவெளியில் பதம் தப்பிவிடுவது இதனால்தான். சர்க்கரை முங்கும் அளவு மட்டுமே தண்ணீர் விட வேண்டும் என்ற சமையற்கட்டு விதி எரிபொருள் விதியும் ஆகும். தேவையின்றி இன்னும் அரை லிட்டர் ஊற்றினால் அதை வெளியேற்ற மட்டும் 20 நிமிடத் தீ வேண்டும். பதம் தப்பிய பாகைக் கொட்டிவிடத் தேவையில்லை. நிறம் மாறிக் கருகாத வரையில், சிறிது நீர் சேர்த்துக் கரைத்தால் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துப் பாகு பூத்துப்போகாமல் காக்கிறது. வெல்லத்தில் இவ்விரண்டும் இயல்பாகவே இருப்பதால்தான் அதிரசம் பல நாள் மென்மையாக இருக்கிறது. அவை நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும் தன்மையுடையவை.

உருண்டை பிடிக்க நெய்யும் உதவும், பாகும் உதவும். விலையில் இரண்டுக்கும் உள்ள தூரம் சொல்லத் தேவையில்லை. வறுத்த அரிசியும் பயறும் திரித்த மாவில் கெட்டி வெல்லப்பாகை ஊற்றிப் பிடிக்கும் பொருவிளங்காய் உருண்டைக்கு நெய் கையில் தடவும் அளவே போதும். மாலாடும் ரவா லாடும் நெய்யைத் தாராளமாகக் கேட்கும். எனினும் நெய்யின் மணம் இல்லாத தீபாவளி இனிப்பை யாரும் ஏற்பதில்லை என்பதால், அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிவது நல்லது. லாக்டோன்கள் முதலிய, மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குப் புலப்படும் ஆவியாகும் பொருள்களே அதற்குக் காரணம். தொடக்கத்திலேயே நெய்யை ஊற்றி நெடுநேரம் கிளறினால் அம்மணத்தில் பெரும்பங்கு அடுக்களைக் காற்றுக்கே போகிறது. கிளறும் வேலையை நடுநிலை மணமுள்ள எண்ணெயில் முடித்து, இறக்கும் தறுவாயில் இரண்டு கரண்டி நெய் சேர்த்தால் குறைந்த நெய் நிறைந்த மணம் தரும். ஏலக்காய்க்கும் இது பொருந்தும். வெண்ணெய் வாங்கி உருக்குவோர் அதில் 16 சதவீதம் வரை நீர் இருக்கலாம் என்பதைக் கழித்துவிட்டே விலையை ஒப்பிட வேண்டும். நெய்க்கு மாற்றாக ஒரு காலத்தில் கோலோச்சிய வனஸ்பதியில் ஊடுகொழுப்பு (டிரான்ஸ் கொழுப்பு) மிகுந்திருந்தது. 2022 ஜனவரி முதல் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது என்றாலும், மணத்தில் வனஸ்பதி நெய்யின் அருகில்கூட வருவதில்லை.

இவ்வளவு பாடுபட்டு வெளியேற்றிய நீர் ஐப்பசி மழைக் காற்றின் வழியே திரும்பி வரக் காத்திருக்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தரும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் தீபாவளி வருகிறது. நன்கு பொரிந்த முறுக்கின் மாவுச்சத்து, மூலக்கூறுகள் ஒழுங்கின்றி உறைந்து நிற்கும் கண்ணாடி நிலையில் இருப்பதால் கடித்தால் உடைகிறது. காற்றின் ஈரம் சில சதவீதம் புகுந்தாலே நீர் மூலக்கூறுகள் இடையில் நின்று அவற்றை நழுவவிடுவதால், உடைவது போய் வளைகிறது. நமத்துப்போன முறுக்கைக் கனத்த வாணலியில் சிறு தீயில் சற்று நேரம் புரட்டி, ஆறவைத்தால் மொறுமொறுப்பு மீள்வதற்குக் காரணம் அந்த நீர் மீண்டும் வெளியேறுவதே. சிக்கு வாடை வந்த முறுக்கை இப்படி மீட்க முடியாது. அங்கு ஆக்சிஜன் எண்ணெயையே மாற்றிவிட்டிருக்கும். பலகாரத்தைச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் எஞ்சிய ஆவி மூடியில் வியர்த்து அதன் மேலேயே சொட்டுகிறது. ஒரே பெரிய டின்னை நாளுக்குப் பத்துமுறை திறப்பதைவிடச் சிறு தூக்குகளில் பிரித்து வைத்து ஒன்று தீர்ந்த பின் மற்றொன்றைத் திறப்பது நல்லது.

தீபாவளியன்று எண்ணெய்க் குளியலுக்குப் பின் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் உண்ணும் வீடுகளில் அன்றைய காலைச் சமையல் இதற்கு நேர்மாறான கணக்கைக் கேட்கிறது. இங்கே நீர் தங்கியிருக்க வேண்டும். எலும்பில்லாத தனிக்கறியின் விலைக்கு எட்டாதவர்கள் வாங்கும் நெஞ்செலும்பிலும் கழுத்திலும் காலிலும் கொலாஜன் என்ற இணைப்புப் புரதம் மிகுதி. அது நீரும் வெப்பமும் நேரமும் சேர்ந்தால் கரைந்து ஜெலட்டினாக மாறிக் குழம்புக்கு உதட்டில் ஒட்டும் கெட்டித்தன்மையைத் தருகிறது, தேங்காயையும் முந்திரியையும் அரைத்து ஊற்றும் தேவையையும் குறைக்கிறது. பிரஷர் குக்கருக்குள் நீர் 120 டிகிரியை ஒட்டிக் கொதிப்பதால் திறந்த பாத்திரத்தில் மணிக்கணக்காக ஆகும் இம்மாற்றம் நிமிடங்களில் முடிகிறது. முற்றிய கறிக்குப் பச்சைப் பப்பாளிக்காய்த் துண்டு ஒன்று சேர்ப்பார்கள். அதிலுள்ள பப்பாயின் என்ற நொதி, குக்கர் முழுச் சூட்டை அடைவதற்கு முன்பே தசைப் புரதங்களைத் தளர்த்தத் தொடங்கிவிடும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடலாம். அழுத்தம் நிலைத்திருக்கும்வரை உள்ளே வெப்பநிலை மாறுவதில்லை, அதற்குப் பின் பெருந்தீயில் எழும் ஒவ்வொரு விசிலும் காசு கொடுத்து வாங்கிய எரிவாயுவால் உண்டான ஆவியைச் சமையலறைக்குள் விடுவதே.